ஒரு லென்ஸுக்கு எத்தனை லட்சம் தகும்?

1966-இல் ஜெர்மனியில் இரண்டு லென்ஸ்கள் வெளிவந்தன. ஒன்று லைக்கா கேமரா செய்யும் லைட்ஸ் கம்பெனியின் நாக்டிலக்ஸ்: 50 மி.மீ., எஃப் 1.2. இன்னொன்று கார்ல் ஸைஸின் பிளானார். அதுவும் 50 மி.மீ.தான், ஆனால் எஃப் 0.7. முதலாவதைக் காசிருந்தால் கடையில் வாங்கலாம். இரண்டாவது மொத்தமே பத்துதான் செய்தார்கள். ஆறு நாசாவுக்குப் போயின, மூன்றை சினிமா இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கிக்கொண்டார், ஒன்று ஸைஸிடமே தங்கிவிட்டது. இரண்டும் யானை விலை. ஆனாலும் இவ்வளவு விலை தகுமா என்ற கேள்விக்கு அன்று ஒரே வார்த்தையில் பதில் இருந்தது: வெளிச்சம்.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகிறது. 1.4-லிருந்து 0.7-க்கு இறங்கினால் நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பிலிம் மந்தமாக இருந்த காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. ‘பாரி லிண்டன்’ (1975) படத்துக்கு குப்ரிக்கும் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டும் எடுத்துக்கொண்ட கோடக் நெகட்டிவின் வேகம் வெறும் 100. லேபில் ஒரு ஸ்டாப் தள்ளி 200 ஆக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டுமே சீட்டாட்டக் காட்சி எடுக்க வேண்டும் என்றால், உலகத்தில் வேறு லென்ஸ் கிடையாது. பிளானாரின் பின்பக்கக் கண்ணாடி பிலிமை ஒட்டி உட்கார வேண்டியிருந்ததால், ஒரு மிட்செல் கேமராவையே அதற்காக அறுத்துத் திருத்தினார்கள். ஃபோக்கஸ் நிற்கும் ஆழம் சில அங்குலம்கூட இல்லை. நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தாலே முகம் கலங்கிவிடும். அதனால் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்து, நடிகர் எவ்வளவு நகர்கிறார் என்று பார்த்துப் பார்த்து ஃபோக்கஸ் இழுத்தார்கள். அந்தக் காட்சிகளில் எல்லோரும் சிலைபோல உட்கார்ந்திருப்பதற்கு 18-ஆம் நூற்றாண்டு நாகரிகம் மட்டும் காரணமில்லை. ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்த லென்ஸ் இல்லையென்றால் அந்தக் காட்சி இல்லை. விலைக்கு இதைவிடத் தெளிவான நியாயம் எனக்குத் தெரியாது.

அன்றைய விலையில் பெரும்பங்கு மனிதக் கைக்கும் மூளைக்கும் போனது. 1840-இல் வியன்னாவில் யோசஃப் பெட்ஸ்வால் தன் போர்ட்ரெயிட் லென்ஸைக் கணக்கிட்டபோது, பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த சிப்பாய்களை அவருக்கு உதவியாளர்களாகக் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் ஒளி எப்படி வளையும் என்பதை ஒவ்வொரு கதிராகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாக வேண்டும். நாக்டிலக்ஸ் காலத்துக்குள் கணிப்பொறி வந்துவிட்டது, ஆனால் தேய்ப்பது இன்னும் கைதான். அதன் இரண்டு பரப்புகள் உருண்டை வடிவத்திலிருந்து விலகிய ஆஸ்ஃபெரிக் பரப்புகள். அவற்றைத் தனி இயந்திரத்தில் கையால் தேய்த்து எடுத்தார்கள். தேறாமல் ஒதுக்கியவை ஏராளம். சுமார் பத்தாண்டில் விற்பனைக்கு வந்தது இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. கடைசியில் லைட்ஸின் கனடா கிளையான மிட்லாண்ட் தொழிற்சாலையில் இருந்த வால்டர் மாண்ட்லர், ஆஸ்ஃபெரிக் வம்பே வேண்டாம் என்று சாதாரண உருண்டைப் பரப்புகளையும் ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடியையும் வைத்தே எஃப் 1 லென்ஸ் ஒன்றைச் செய்து காட்டினார்.

அப்போதும் விலையும் தரமும் கைகோத்தே நடந்தன என்று நினைக்க வேண்டாம். 1950-இல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக ஜப்பான் வந்த டேவிட் டக்ளஸ் டங்கன், அங்கே ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரர் நிக்கோர் லென்ஸில் எடுத்த தன் படத்தைப் பார்த்து அசந்துபோய், அந்த லென்ஸ்களைத் தன் லைக்காவிலேயே மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். ஜெர்மன் கண்ணாடிக்கு மிஞ்சி எதுவுமில்லை என்ற நம்பிக்கை உலகச் சந்தையில் ஆட்டம் கண்டது அப்போதுதான். ஜப்பான் சரக்கைப் பற்றி அன்று ஐரோப்பியர் பேசிய தோரணையில்தான் இன்று நாம் சீன லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் இந்தப் பேச்செல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தது. வீட்டில் கேமரா இருந்தால் அது பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் த்ரீ. லென்ஸ் என்று பார்த்தால் ஒற்றைக் கண்ணாடிதான். கொஞ்சம் வசதியானவர்களுக்கு சிங்கப்பூரிலிருந்து மாமாவோ துபாயிலிருந்து மச்சானோ கொண்டுவந்த யாஷிகா. சுங்க வரி கழுத்தை நெரித்த காலம் அது. ஸ்டுடியோக்காரர்கள் சென்னை பர்மா பஜாரில் விசாரித்து, பில் கேட்காமல் வாங்கிப் போனார்கள். 80-களின் கல்யாண போட்டோகிராஃபரிடம் ஒரு பாடி, அதனுடனே வந்த 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஃப்ளாஷ், ரோலுக்கு 36 படம். ஃப்ளாஷ் போட்டு எஃப் 8-இல் வைத்து அடிப்பார். எஃப் 8-இல் எல்லா லென்ஸும் நல்ல பிள்ளைதான். பிரிண்ட் போடுவது மேக்ஸி சைஸ். அந்த அளவில் ஜெர்மன் லென்ஸ், ஜப்பான் லென்ஸ் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேடையில் வரிசையாக நின்ற சொந்தக்காரர்கள் யாரும் விட்டுப்போகாமல் ஃப்ரேமுக்குள் வந்தார்களா என்பதுதான் ஆல்பம் பார்க்கிறவர்களின் ஒரே தரப் பரிசோதனை.

விலையுயர்ந்த லென்ஸ் வேண்டியிருந்த வேலையையே அது இல்லாமல் செய்தவரும் இங்கே ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு பெரிய கருவியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். எட்டாத தூரத்தை லென்ஸால் எட்டிப் பிடிக்காமல், முதுமலைக் காட்டு யானைக் கூட்டத்தைப் பழக்கிய யானையின் முதுகில் இருந்தபடி நெருங்கினார். காட்டில் நிற்கும் நேரம்தான் அவருடைய டெலிபோட்டோ. இன்று புலிகள் காப்பகத்தில் கீழே கால் வைக்க முடியாது, ஜீப்பை விட்டு இறங்க முடியாது. அதனால் அந்த வழி நமக்கு அடைத்துவிட்டது. இந்தக் கட்டுரைக்கு அது முக்கியமான விஷயம், பின்னால் வருகிறேன்.

இப்போதைய கதைக்கு வருவோம். வெளிச்சத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயத்தை உடைத்தது லென்ஸ் தொழிற்சாலை இல்லை, சென்ஸார். 2007-இல் நிக்கான் டி3 வந்தபோது 6400 ஐ.எஸ்.ஓ. அதன் இயல்பான எல்லைக்குள் இருந்தது. குப்ரிக் முட்டி மோதிப் பெற்ற 200-க்கு இது 32 மடங்கு. எஃப் 1.8-லிருந்து எஃப் 1.2-க்குப் போனால் கிடைப்பது இரண்டேகால் மடங்கு வெளிச்சம். அந்த இரண்டேகாலை இன்றைய கேமராவில் ஐ.எஸ்.ஓ. சக்கரம் ஒரு விரல் திருப்பில் கொடுத்துவிடும், படத்தில் கெடுதல் தெரியாமலே. வேலையைச் சென்ஸார் எடுத்துக்கொண்டது. விலை மட்டும் லென்ஸிலேயே நின்றுவிட்டது.

மறுபக்கம், மலிவு லென்ஸ் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. கையால் தேய்த்த ஆஸ்ஃபெரிக் கண்ணாடியை இப்போது சூடாக்கி அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். சிப்பாய்கள் போட்ட கணக்கை மடிக்கணினி போடுகிறது. ஓரங்கள் வளைந்து தெரிகிறதா? கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளே நிமிர்த்திவிடுகிறது. 2012-இல் சிக்மா தன் ஆர்ட் வரிசையில் 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை 899 டாலருக்கு இறக்கியபோது, பெரிய கம்பெனிகளின் அதே வகை லென்ஸ்கள் அதைவிடக் கணிசமாகக் கூடிய விலையில் விற்றுக்கொண்டிருந்தன. இன்று சிக்மாவையே கலங்கடிக்கச் சீனாவின் வில்ட்ராக்ஸும் டிடி ஆர்ட்டிசனும் வந்துவிட்டன.

ஒரே கம்பெனியின் இரண்டு லென்ஸ்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயமான பரீட்சை. கேனனின் ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.2 எல் லென்ஸ் 2018-இல் 2,299 டாலருக்கு வந்தது. 15 கண்ணாடித் துண்டுகள், எடை 950 கிராம். அதே மவுண்டுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2020-இல் 199 டாலருக்கு வந்தது. 6 துண்டுகள், 160 கிராம். விலையில் பதினோரு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இரண்டையும் ஒரே பாடியில் மாற்றி மாற்றிப் போட்டு ஏற்றிய குத்துவிளக்கு ஒன்றை எடுங்கள், முழு வாயையும் திறந்துவைத்து. மலிவு லென்ஸில் பித்தளைத் தட்டின் பளபளக்கும் விளிம்பைப் பெரிதாக்கினால் ஊதாவும் பச்சையுமாக ஒரு மெல்லிய கரை தெரியும். திரியைச் சுற்றி லேசான புகைமூட்டம் போன்ற வெளுப்பு. ஃப்ரேமின் மூலையில் கோலப்பொடியின் மணிகள் பிசைந்துவிட்டாற்போல இருக்கும். விலையுயர்ந்த லென்ஸில் பித்தளை பித்தளையாகவே இருக்கும், மூலையில் மாவு மணி மணியாக நிற்கும், பின்னால் கலங்கிய மாவிலைத் தோரணம் அடுக்கடுக்காகப் பின்வாங்கும். வித்தியாசம் உண்மை, கற்பனை இல்லை. பிறகு இரண்டையும் எஃப் 4-க்கு மூடி மறுபடி எடுங்கள். இப்போது எது எந்த லென்ஸ் என்று எழுதிவைக்காவிட்டால் எடுத்தவருக்கே குழப்பம்தான். கடைசியாக, நான்கையும் இன்ஸ்டாகிராமுக்கு ஏற்றுங்கள். அங்கே படத்தின் அகலம் 1080 புள்ளி, மொத்தம் இரண்டு மெகாபிக்ஸல்கூட வராது. 45 மெகாபிக்ஸலில் காசு கொடுத்து வாங்கிய மூலையெல்லாம் அந்த இடத்தில் கரைந்துபோகிறது.

எஃப் 4-க்கு யார் மூடுகிறார்கள், 1.2 வாங்குவதே திறந்து வைத்து எடுக்கத்தானே என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக் கல்யாணம் எடுப்பவரைக் கேளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.2-இல் தெளிவாக நிற்கும் ஆழம் மூன்று செ.மீ. இருந்தால் பெரிது. மணப்பெண்ணின் கண் நிற்கும், ஜிமிக்கி கலங்கும், நெற்றிச்சுட்டி பாதி போய்விடும். பெண் வீட்டார் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நகை அது. பட்டின் ஜரிகை இழை இழையாகத் தெரிய வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். “இது என்னங்க, காது மங்கலா இருக்கு?” என்று பெண்ணின் அத்தை ஒரு வார்த்தை கேட்டால் பொக்கே என்னும் பின்னணிக் கலங்கலின் அழகு பற்றிய பாடமெல்லாம் எடுபடாது. ஆக இரண்டு லட்ச ரூபாய் லென்ஸை மாட்டிக்கொண்டு, நகை தெரியும் படங்களையெல்லாம் பதினைந்தாயிரம் இருபதாயிரம் ரூபாய் லென்ஸும் தாராளமாகச் செய்யக்கூடிய எஃப் 4-இல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருந்தும் கல்யாண சீசனில் அந்த லென்ஸுக்கு வாடகைக் கடையில் கிராக்கி. சென்னையில் அப்படி ஒரு கடையில் நின்றபோது காதில் விழுந்த பேச்சு:

“அண்ணே, அந்த ஒண்ணு பாயிண்ட் ரெண்டு ஃப்ரீயா?”

“இருக்கு தம்பி. கேக்குறது நீயா, மாப்பிள்ளையா?”

“மாப்பிள்ளைதாண்ணே. ரீல்ஸ் பாத்துட்டு லென்ஸ் பேரைச் சொல்லியே கேக்குறாரு.”

“அப்ப எடுத்துட்டுப் போ. பில்லுல தனி வரியா போட்டுரு.”

லென்ஸ் இன்று பேக்கேஜில் ஒரு வரி. அன்று கல்யாண வீட்டுக்காரருக்கு போட்டோகிராஃபரின் பெயர் தெரியும், கேமரா என்ன என்று தெரியாது. இன்று மாப்பிள்ளை எஃப் எண் பேசுகிறார். வாடிக்கையாளர் காசு கொடுப்பார் என்றால் அந்த லென்ஸ் தொழிலுக்குத் தகும்தான், படத்துக்குத் தகுமா என்பது வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ஈ.எம்.ஐ.யில் மாட்டுகிறார்கள்.

உச்சிவிலைச் சந்தையில் இதைவிட வேடிக்கை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. லென்ஸ்கள் எல்லாம் குறையில்லாமல் போனதும் குறைக்கு விலை வந்துவிட்டது. 2021-இல் லைக்கா தன் 1966-ஆம் ஆண்டு நாக்டிலக்ஸை மறுபடி செய்து 7,695 டாலருக்கு விற்றது. சிறப்பாக்கி இல்லை, முழு வாயும் திறந்தால் பழைய லென்ஸில் இருந்த அதே பனிபடர்ந்த ஒளிர்வு வரவேண்டும் என்பதற்காகவே பழைய வடிவமைப்பை ஒட்டிச் செய்தார்கள். 2013-இல் பெட்ஸ்வால் லென்ஸைக்கூட லோமோகிராஃபி கம்பெனி பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிப் பித்தளையில் வார்த்தது, ஓரங்களில் சுழலும் அந்தக் கலங்கலுக்காக. பெட்ஸ்வால் அந்தச் சுழலை வேண்டுமென்று வைக்கவில்லை. நடுவில் இருக்கும் முகம் தெளிந்தால் போதும், ஓரம் எப்படியோ போகட்டும் என்று விட்டதன் மிச்சம் அது. சோவியத் நாட்டில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஹீலியோஸ் 44 லென்ஸிலும் அதே மாதிரி சுழல் வரும். செகண்ட் ஹேண்டில் சில ஆயிரம் ரூபாய். ஆக, அழகான குறைதான் வேண்டும் என்றால் அதற்கும் லட்சம் கொடுக்கத் தேவையில்லை. லைக்காக்காரர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். படட்டும்.

அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். லென்ஸ் சொத்து, பாடி செலவு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1954-இல் எம்3 கேமராவோடு வந்த லைக்கா மவுண்ட் இன்றைய டிஜிட்டல் எம் கேமராவிலும் அதுவே. தாத்தாவின் சும்மிக்ரான் லென்ஸைப் பேத்தி மாட்டலாம். அதில் மோட்டார் இல்லை, சில்லு இல்லை. கண்ணாடி, பித்தளை, கிரீஸ், அவ்வளவுதான். சென்னைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் ட்ரை கேபினட்டில் வைத்துக் காப்பாற்றினால் போதும். ஆனால் மற்ற கம்பெனிகளின் இன்றைய விலையுயர்ந்த லென்ஸ்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. கேனன் 1987-இல் ஒரு மவுண்டைக் கைவிட்டது. 2018-இல் இன்னொன்றுக்குத் தாவியது. அதைவிட முக்கியம், இப்போதைய பல லென்ஸ்களில் ஃபோக்கஸ் வளையம் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. வளையத்தைத் திருப்பினால் அது மோட்டாருக்குச் செய்தி அனுப்புகிறது, மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. மோட்டார் செத்து, உதிரிபாகமும் நின்றுபோனால் கையால்கூட ஃபோக்கஸ் செய்ய முடியாது. இரண்டு லட்ச ரூபாய்க்கு மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு. பேரனுக்கு விட்டுப்போகலாம் என்று சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குகிறவர்கள் வேறு காரணம் தேடிக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் பழைய நியாயம், அதாவது வெளிச்சத்துக்காகக் கொடுக்கும் விலை, எங்குமே மிச்சமில்லையா? இருக்கிறது. நீள லென்ஸ்களில் இருக்கிறது. மா. கிருஷ்ணனின் வழி அடைத்துவிட்டது என்றேன் அல்லவா, அங்கேதான்.

கேனனிடம் 600 மி.மீ. லென்ஸ் இரண்டு உண்டு. ஒன்று எஃப் 11: 2020-இல் 699 டாலர், 930 கிராம், ஒரு கையில் பிடிக்கலாம். இன்னொன்று எஃப் 4: 2021-இல் 12,999 டாலர், மூன்று கிலோவுக்கும் மேல், இந்தியாவில் பத்து லட்சத்தைத் தாண்டும். நடுவில் ஏழரை மடங்கு வெளிச்ச வித்தியாசம். நண்பகலில் ஏரிக்கரைக் கொக்குக்கு இரண்டும் ஒன்றுதான், மலிவானதே மேல். முதுமலையின் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி காலை ஆறரைக்குக் கிளம்பி, மூங்கில் புதரின் நிழலில் ஒரு சிறுத்தையைப் பார்த்து நிற்கிறது என்று வையுங்கள். அது தலையைத் திருப்பும் வேகத்தைப் பிடிக்க ஷட்டர் நொடியில் 500-இல் ஒரு பங்காவது வேண்டும். அந்த இருட்டில் எஃப் 4 லென்ஸுக்கு 3200 ஐ.எஸ்.ஓ. போதும் என்றால், எஃப் 11 லென்ஸுக்கு 25,000 பக்கம் வரும். 3200-இல் மீசை மயிர் எண்ணலாம். 25,000-இல் ரோஜாப்பூப் புள்ளிகளே ஒன்றோடொன்று கலந்து சாயம்போன துணியாகிவிடும். ஷட்டரைக் குறைத்தால் சிறுத்தை அசைந்துவிடும். நெருங்கிப் போகவும் வழியில்லை. குப்ரிக்கின் மெழுகுவர்த்திக் காட்சிபோலத்தான் இதுவும்: லென்ஸ் இல்லையென்றால் படம் இல்லை.

இதுவும் எத்தனை நாளைக்கோ. இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள்கள் இப்போதே ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு எஃப் 11-ஐத் தூக்கிவிடுகின்றன. சில சமயம் இல்லாத மீசையையும் சேர்த்து வரைந்துவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

600 எஃப் 4 வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, வருஷத்தில் எத்தனை விடியற்காலை காட்டில் இருப்பீர்கள் என்றுதான். பெரும்பாலோர் விரல்விட்டு எண்ணுகிறார்கள், இரண்டாவது கைக்குப் போவதில்லை. அவர்களுக்கு வாடகைதான் சரி. முன்பதிவுக்கு ஆதார் நகலும் டெபாசிட்டும் கேட்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது டார்ச் அடித்துக் கண்ணாடியை இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால், எடுத்துப் போகும்போதே நீங்களும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.